ஃபைபர் லேசரை மாற்றிப் போட்டால் அளவு துல்லியமாகிவிடுமா?

கேள்வியின் சாரம் இது: "எங்கள் ஆய்வகத்தில் 600 மில்லிமீட்டர் ஓடும் ஒரு ஸ்டேஜ், அதாவது நகரும் மேடை, இருக்கிறது. அதன் நகர்வை நிலைப்படுத்திய ஹீலியம்-நியான் லேசர் இன்டர்ஃபெரோமீட்டரால் அளக்கிறோம். அறையில் ஏசி நாள் முழுக்க ஓடுகிறது. ஆனாலும் காலையில் ஒரு எண் வருகிறது, மாலையில் வேறு எண் வருகிறது. வித்தியாசம் அரை மைக்ரோமீட்டர் அளவில் இருக்கிறது. 1550 நானோமீட்டர் ஃபைபர் லேசர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதன் லைன்விட்த், அதாவது ஒளியின் அதிர்வெண் பரவும் அகலம், வெறும் 1 கிலோஹெர்ட்ஸ் என்கிறார்கள். அதை வாங்கிப் பொருத்தினால் நானோமீட்டர் துல்லியம் வந்துவிடுமா?"

வராது. வேறு எதையும் தொடாமல் லேசரை மட்டும் மாற்றினால், இப்போது இருப்பதைவிட மோசமாகக்கூட ஆகலாம். அதற்கான காரணத்தை முதலில் சொல்கிறேன். அப்புறம் ஃபைபர் லேசர் உண்மையாகவே ஜெயிக்கும் இடங்களுக்கு வருகிறேன். அப்படிப்பட்ட இடங்கள் நிறைய உண்டு. உங்கள் ஸ்டேஜ் அதில் சேராது, அவ்வளவுதான்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் ஃபைபர் லேசர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது தகடு வெட்டும் மெஷின். அதில் இருப்பது இட்டெர்பியம் கலந்த ஒளியிழை. அது 1070 நானோமீட்டர் பக்கத்தில் கிலோவாட் கணக்கில் ஒளியைக் கொட்டும். இரும்பு வெட்ட நல்லது, குறுக்கீட்டு அளவீட்டுக்கு ஆகாது, ஏனென்றால் அதன் நிறமாலை அகலமானது. நீங்கள் பார்த்திருப்பது வேறு ஜாதி. சில சென்டிமீட்டர் நீளமுள்ள எர்பியம் கலந்த இழை, அதன் கருவுக்குள்ளேயே புற ஊதாக் கதிரால் எழுதிய, ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பியனுப்பும் பிராக் கீற்றணி, இழைக்கு ஆற்றல் ஊட்ட 980 நானோமீட்டர் பக்கத்தில் ஒரு பம்ப் டையோடு. வெளியே வருவது சில மில்லிவாட் முதல் சில பத்து மில்லிவாட் வரைதான், ஆனால் ஒரே அதிர்வெண்ணில், மிகச் சுத்தமாக வரும்.

இழைக்குள் லேசர் என்ற யோசனை பழையது. எலியாஸ் ஸ்னிட்சர் 1960களின் தொடக்கத்திலேயே அதைக் கையில் எடுத்தார். 1964-ல் கோஸ்டருடன் சேர்ந்து நியோடிமியம் கலந்த கண்ணாடி இழையில் ஒளியைப் பெருக்கிக் காட்டினார். ஆனால் வேகம் பிடித்தது 1987-க்குப் பிறகு. அந்த ஆண்டு சவுத்தாம்ப்டனில் டேவிட் பெய்ன் குழுவும், பெல் ஆய்வகத்தில் இம்மானுவேல் டெசர்வீரும் எர்பியம் இழைப் பெருக்கியைச் செய்துகாட்டினார்கள். தொலைத்தொடர்புத் துறை அதைப் பிடித்துக்கொண்டது. அதனால் 1550 நானோமீட்டருக்கான ஐசொலேட்டர், கப்ளர், டிடெக்டர் எல்லாம் மலிந்துவிட்டன. ஃபைபர் லேசரின் மிகப் பெரிய பலமே இதுதான் என்பேன். இயற்பியல் அழகைவிட, கடையில் உதிரி கிடைப்பது பெரிய விஷயம்.

சரி, இன்டர்ஃபெரோமீட்டருக்கு வருவோம். லேசர் ஒளி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நிலையான கண்ணாடிக்குப் போய்த் திரும்புகிறது, மற்றொன்று ஸ்டேஜில் இருக்கும் ரெட்ரோ ரிஃப்ளெக்டருக்குப் போய்த் திரும்புகிறது. இரண்டும் சேரும் இடத்தில் குறுக்கீட்டுப் பட்டை. ஸ்டேஜ் அரை அலைநீளம் நகர்ந்தால் ஒரு முழுப் பட்டை கடந்துபோகும். கருவி பட்டைகளை எண்ணி, அந்த எண்ணிக்கையை அரை அலைநீளத்தால் பெருக்கி நீளத்தைச் சொல்கிறது. ஹீலியம்-நியானின் சிவப்பு ஒளிக்கு ஒரு பட்டை சுமார் 316 நானோமீட்டர். 1550-க்குப் போனால் ஒரு பட்டை 775 நானோமீட்டர். அதாவது கட்டத்தை (ஒரு பட்டைக்குள் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை) இரண்டிலும் ஒரே நுட்பத்தோடு பிரித்துப் படித்தாலும், ஃபைபர் லேசரில் உங்கள் அளவுப்படி இரண்டரை மடங்கு கரடாகிறது. இது ஆரம்பமே.

முக்கியமான விஷயம் அடுத்தது. பட்டைகளை எவ்வளவு சரியாக எண்ணினாலும், அலைநீளம் எவ்வளவு என்று தெரியாவிட்டால் நீளம் தெரியாது. 1 கிலோஹெர்ட்ஸ் லைன்விட்த் என்பது லேசரின் அதிர்வெண் குறுகிய நேரத்தில் எவ்வளவு ஆடுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. 1550 நானோமீட்டர் ஒளியின் அதிர்வெண் சுமார் 193 டெராஹெர்ட்ஸ். அதில் 1 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு லட்சம் கோடியில் 5 பங்கு. கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அந்த 193 டெராஹெர்ட்ஸ் இன்று இருக்கும் இடத்திலேயே நாளைக்கும் இருக்குமா என்பதை லைன்விட்த் சொல்லாது. கோடுகள் முடியைவிட மெல்லியதாக அச்சடிக்கப்பட்ட ஒரு டேப்பை யோசித்துப் பாருங்கள். கோடு மெல்லியதாக இருப்பதால் கோட்டுக்குக் கோடு உள்ள தூரம் சரியென்று ஆகிவிடாது.

இங்கேதான் பழைய ஹீலியம்-நியான் ஜெயிக்கிறது. அதில் ஒளியைத் தருவது நியான் அணு. அந்த அணுவின் ஒளிர்வு, வெப்ப இயக்கத்தால் அகன்றாலும், சுமார் 1.5 கிகாஹெர்ட்ஸ் அகலத்துக்குள்தான் லேசரை இயங்கவிடும். ஒளியின் அதிர்வெண்ணோ 473 டெராஹெர்ட்ஸ். அதனால் எந்த நிலைப்படுத்தலும் இல்லாத மலிவான ஹீலியம்-நியான் குழாய்கூடப் பத்து லட்சத்தில் ஒன்றரைப் பங்குக்கு மேல் விலகிப் போக முடியாது. சர்வதேச எடை அளவைக் குழு 2007-ல் இதையே அதிகாரப்பூர்வமாகச் சொன்னது: நிலைப்படுத்தாத சிவப்பு ஹீலியம்-நியானின் வெற்றிட அலைநீளம் 632.9908 நானோமீட்டர், ஒப்பு ஐயப்பாடு பத்து லட்சத்தில் 1.5. இனி இந்தப் 'பத்து லட்சத்தில் ஒரு பங்கு' என்பதைப் பிபிஎம் என்றே எழுதுகிறேன். உங்களுடையதைப் போல நிலைப்படுத்திய கருவிகள் இதைவிடப் பல மடங்கு மேல். லேசரின் அதிர்வெண்ணை அயோடின் ஆவி உறிஞ்சும் ஒரு அதிர்வெண்ணோடு பூட்டினால் ஆயிரம் கோடியில் சில பத்தாம்பங்கு வரை போகலாம்.

ஃபைபர் லேசரிலும் எர்பியம் என்ற தனிமம் இருக்கிறதே, அது பிடித்து வைக்காதா என்று கேட்கலாம். வைக்காது. கண்ணாடிக்குள் சிக்கிய எர்பியம் அயனி பத்து இருபது நானோமீட்டருக்கும் அகலமான பட்டையில் எங்கே வேண்டுமானாலும் ஒளியைப் பெருக்கும். அந்தப் பட்டையில் எந்த அலைநீளம் என்பதைத் தீர்மானிப்பது இழையில் எழுதிய கீற்றணி. கீற்றணி என்பது வெறும் கண்ணாடி. சூடானால் அதன் ஒளிவிலகல் எண் மாறும், நீளமும் கொஞ்சம் மாறும். 1550-ல் ஒரு டிகிரிக்குச் சுமார் 10 பிகோமீட்டர் நகரும். சின்ன எண்தான், ஆனால் 1550 நானோமீட்டரில் 10 பிகோமீட்டர் என்றால் 6.5 பிபிஎம். உங்கள் 600 மில்லிமீட்டரில் அது கிட்டத்தட்ட 4 மைக்ரோமீட்டர். நல்ல லேசர்களில் கீற்றணியின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தி வைத்திருப்பார்கள். 0.01 டிகிரிக்குள் பிடித்தாலும் 40 நானோமீட்டர் ஆட்டம் மிச்சம். பம்ப் திறன் மாறினாலும், இழையின் மேல் அழுத்தம் விழுந்தாலும், ஆண்டுகள் போனாலும் அது மெல்ல நகரும். 1 கிலோஹெர்ட்ஸ் லைன்விட்த் உள்ள அதே லேசர், ஒரு மதியத்துக்குள் பல மெகாஹெர்ட்ஸ் நகர்ந்திருப்பது சாதாரணம்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. அசிட்டிலின் வாயுவுக்கு 1520 முதல் 1545 நானோமீட்டர் வரை வரிசையாக உறிஞ்சு வரிகள் உண்டு. சின்னக் கண்ணாடிக் குப்பியில் அந்த வாயுவை அடைத்து, லேசரை ஒரு வரியின் நடுவில் பூட்டினால் பத்து கோடியில் சில பங்கு கிடைத்துவிடும். கார்பன்-13 அசிட்டிலினின் 1542.38 நானோமீட்டர் வரி, மீட்டரை நடைமுறையில் உருவாக்குவதற்கான சர்வதேசப் பட்டியலிலேயே இருக்கிறது. இன்னொரு வழி, 1560 நானோமீட்டர் ஒளியை ஒரு படிகத்தில் செலுத்தி அதிர்வெண்ணை இரட்டித்து 780 ஆக்கி, ரூபிடியம் அணுவோடு பூட்டுவது. குளிர்ந்த அணு ஆய்வகங்களில் இது அன்றாட வேலை. ஆனால் கவனியுங்கள்: இரண்டிலும் துல்லியம் வாயுவிலிருந்தோ அணுவிலிருந்தோ வருகிறது. ஃபைபர் லேசர் அதைச் சுமந்து வருகிறது.

ஒரு சின்ன விலகல். ஈர்ப்பு அலைகளைத் தேடும் லைகோ இன்டர்ஃபெரோமீட்டர் 4 கிலோமீட்டர் நீளத்தில் 10⁻¹⁸ மீட்டர் அளவிலான அசைவைப் பார்க்கிறது, நமக்கு ஏன் நானோமீட்டர் கிடைக்கவில்லை என்று மாணவர்கள் கேட்பார்கள். லைகோ தன் கையின் நீளத்தை அந்த அளவுக்கு அறிந்திருக்கவில்லை, அறிய வேண்டிய தேவையும் இல்லை. 2015 செப்டம்பர் 14 அன்று அது பார்த்தது இரண்டு கைகளின் நீள வித்தியாசத்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் வந்துபோன மாற்றத்தை. மெதுவான ஆட்டங்கள் எல்லாம் அதன் கவனத்துக்கு வெளியே. கைகள் இரண்டும் ஒரே நீளம் என்பதால் லேசரின் ஆட்டமும் பெரும்பாலும் தானே கழிந்துவிடும். ஒளி போகும் பாதை முழுக்க வெற்றிடம் வேறு. மாற்றத்தை உணர்வதும் நீளத்தை அறிவதும் இரண்டு வேறு வேலைகள். விளம்பரத் தாள்களில் இந்த இரண்டும் ஒரே வரியில் கலந்து கிடக்கும்.

இப்போது உங்கள் அரை மைக்ரோமீட்டர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். லேசர் நிலைப்படுத்தியது என்றால், அது கடைசிச் சந்தேக நபர். முதல் நபர் காற்று. லேசரின் வெற்றிட அலைநீளம் நிலையாக இருந்தாலும், காற்றில் அது ஒளிவிலகல் எண்ணால் வகுபட்டுத்தான் வருகிறது. அந்த எண் சுமார் 1.00027. அதன் கடைசி இலக்கங்கள் வானிலையோடு ஆடும். வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் கிட்டத்தட்ட 1 பிபிஎம் குறையும். அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் 0.27 பிபிஎம் குறையும். ஈரப்பதத்தின் பங்கு சிறியது. 10 சதவீதம் மாறினால் 0.1 பிபிஎம் பக்கம்.

ஏசி வெப்பநிலையைப் பிடித்து வைக்கும், அழுத்தத்தைப் பிடித்து வைக்காது. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் கடல் அலை ஏற்ற இறக்கம்போல நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. காலை 10 மணி வாக்கில் உச்சம், மாலை 4 மணி வாக்கில் பள்ளம். வித்தியாசம் சாதாரண நாளிலேயே 3 ஹெக்டோபாஸ்கல் அளவுக்குப் போகும். ஐரோப்பாவில் எழுதிய கையேடுகளில் இது பெரிதாகப் பேசப்படாது, அங்கே புயல் சின்னங்கள் கொண்டுவரும் மாற்றத்தில் இது அமுங்கிவிடும். நமக்கு இது தினசரிக் கதை. 3 ஹெக்டோபாஸ்கல், 0.27 பிபிஎம், 600 மில்லிமீட்டர் மூன்றையும் பெருக்கிப் பாருங்கள்: 0.49 மைக்ரோமீட்டர். உங்கள் கருவியில் அழுத்த உணரி இல்லையென்றாலோ, அதைப் போட்டுவிட்டு மென்பொருளில் நிலையான எண்ணைக் கொடுத்து வைத்திருந்தாலோ, நீங்கள் சொல்லும் வித்தியாசம் முழுவதற்கும் இது ஒன்றே போதும்.

இரண்டாவது நபர் உலோகம். ஸ்டேஜின் அளவுகோல் எஃகில் இருந்தால் ஒரு டிகிரிக்கு 11.5 பிபிஎம் விரியும். 600 மில்லிமீட்டரில் 0.1 டிகிரி மாறினாலே 0.7 மைக்ரோமீட்டர். சுவரில் தொங்கும் தெர்மாமீட்டர் நகரவே இல்லையென்றாலும், மோட்டார் நாள் முழுக்க ஓடியதில் ஸ்டேஜ் 0.1 டிகிரி சூடாவது ஒன்றும் அதிசயமில்லை. இரண்டு பேரில் யார் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ஸ்டேஜை அதன் சொந்த அளவுகோல்படி 600 மில்லிமீட்டர் ஓட்டுங்கள். மாலையில் இன்டர்ஃபெரோமீட்டர் காலையைவிடக் குறைவாகக் காட்டினால் அழுத்தம்: காற்று மெலிந்து அலைநீளம் நீண்டிருக்கிறது, அதே தூரத்துக்குப் பட்டைகள் குறைகின்றன. அதிகமாகக் காட்டினால் உலோகம்: அளவுகோலே நீண்டிருக்கிறது. இரண்டும் ஓரளவு கலந்து ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படியானால் அளவு நன்றாக இருப்பதுபோல் தோன்றும் நாட்களைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும்.

அப்புறம் வடிவியல். லேசர் கற்றை நீங்கள் அளக்க வேண்டிய புள்ளியிலிருந்து 100 மில்லிமீட்டர் மேலே போகிறது என்று வையுங்கள். ஸ்டேஜ் ஓடும்போது ஒரு விகலை (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) சாய்ந்தால் போதும், அரை மைக்ரோமீட்டர் பிழை. ஜெர்மன் ஒளியியல் அறிஞர் எர்ன்ஸ்ட் அபே 19-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்ட விஷயம் இது. இன்னும் தினமும் யாராவது இதில் விழுகிறார்கள். கற்றை ஓட்டத்துக்கு இணையாக இல்லாவிட்டால் வரும் கொசைன் பிழை அவ்வளவு கொடுமையில்லை, மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் கோணல் என்றால் 0.5 பிபிஎம். சுழிய இடத்திலேயே இன்டர்ஃபெரோமீட்டருக்கும் ரிஃப்ளெக்டருக்கும் நடுவில் அரை மீட்டர் சும்மா கிடந்தால், அந்தக் காற்றின் மாற்றமும் உங்கள் எண்ணில் வந்து சேரும். இன்டர்ஃபெரோமீட்டரை ஸ்டேஜுக்கு அருகில் நகர்த்துவதற்குச் செலவே இல்லை.

ஆக, உங்களுக்கு என் யோசனை: லேசரை விட்டுவிடுங்கள். 0.1 ஹெக்டோபாஸ்கல் வரை நம்பத்தக்க ஒரு அழுத்த உணரி, கற்றைப் பாதையில் ஒன்றும் ஸ்டேஜின் உடம்பில் இரண்டு மூன்றுமாக வெப்ப உணரிகள், கற்றையைச் சுற்றி ஒரு அட்டைக் குழாய். ஏசி காற்று நேராகக் கற்றையில் அடிப்பதை நிறுத்தினாலே எண் நடுங்குவது பாதி குறையலாம். இவற்றுக்கு ஆகும் பணம் நீங்கள் வாங்க நினைக்கும் லேசரின் விலையில் ஒரு சிறு பகுதிதான் இருக்கும்.

இனி ஃபைபர் லேசரின் பக்கம்.

மெல்லிய லைன்விட்த் எங்கே பயன்படும்? இரண்டு பாதைகளின் நீளம் பெரிதும் வேறுபடும்போது. மைக்கெல்சன் 1892-93-ல் பாரிஸ் அருகே செவ்ரில் மீட்டரை காட்மியத்தின் சிவப்பு ஒளியால் அளந்தார், 15,53,163.5 அலைநீளங்கள் என்று விடை வந்தது. ஆனால் ஒரே மூச்சில் ஒரு மீட்டரை அவரால் எட்ட முடியவில்லை. அந்த ஒளியின் ஓரியல் நீளம் போதாது. இரண்டு பாதைகளின் வித்தியாசம் அந்த நீளத்தைத் தாண்டினால் பட்டைகள் கரைந்துபோகும். 0.39 மில்லிமீட்டரில் தொடங்கி 10 சென்டிமீட்டர் வரை, ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் இரு மடங்காக ஒன்பது இடைப் படிகள் செய்து, ஏணிபோல் ஏறிப் போனார். 1960-ல் மீட்டரின் வரையறையான கிரிப்டான் விளக்குக்குக்கூட ஓரியல் நீளம் ஒரு மீட்டரைத் தொடவில்லை. 1 கிலோஹெர்ட்ஸ் ஃபைபர் லேசருக்கு அது ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பாதை வித்தியாசம் ஒரு மீட்டர் என்றால், லேசரின் ஆட்டத்தால் வரும் இரைச்சல் 5 பிகோமீட்டர் மட்டுமே. 1 மெகாஹெர்ட்ஸ் டையோடு லேசரில் அதுவே 5 நானோமீட்டர். அதிர்வை அளப்பவர்கள், எதிரெதிர்க் கண்ணாடிகளுக்கு நடுவே ஒளியை அடைத்து வைக்கும் ஒளிக் குழிகளின் நடுக்கத்தைப் பார்ப்பவர்கள் ஃபைபர் லேசரைத் தேடி ஓடுவது இதனால்தான்.

இந்த நீண்ட கை கடலுக்கடியிலும் நீண்டிருக்கிறது. இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஜுசெப்பே மாராவும் குழுவும் 2018-ல் ஒன்றைக் காட்டினார்கள். மிக நிலையான லேசர் ஒளியைத் தொலைத்தொடர்பு இழையில் அனுப்பி, திரும்பி வருவதன் கட்டத்தைக் கவனித்தால் நிலநடுக்கம் தெரிகிறது. மால்டாவுக்கும் சிசிலிக்கும் இடையே போகும் 96 கிலோமீட்டர் கடலடி கேபிளில் ஒரு சிறு நடுக்கம் அப்படிப் பதிவானது. இங்கே யாருக்கும் கேபிளின் நீளம் நானோமீட்டரில் தேவையில்லை. மாற்றம் மட்டும் போதும், அதற்கு மெல்லிய லைன்விட்த் போதும்.

இழையின் இதே உணர்திறன் உங்களைப் போன்றவர்களுக்குத் தலைவலியாகவும் வரும். ஒரு மீட்டர் இழை ஒரு டிகிரி சூடானால், அதற்குள் போகும் ஒளிப்பாதை 1550 நானோமீட்டரில் 7 அலைநீளம் அளவுக்கு நீள்கிறது, அதாவது 10 மைக்ரோமீட்டருக்கு மேல். ஆகவே அளவிடும் ஒளியும் ஒப்பீட்டு ஒளியும் வெவ்வேறு இழைகளில் வந்தால், நீங்கள் அளப்பது அறையின் வெப்பத்தை. தப்பிக்கும் வழி அழகானது: இழையின் முனையையே ஒப்பீட்டுக் கண்ணாடியாக்குவது. கண்ணாடி முடிந்து காற்று தொடங்கும் இடத்தில் 3.5 சதவீத ஒளி தானாகவே திரும்பும். மீதி வெளியே போய் இலக்கில் பட்டு அதே இழைக்குள் திரும்பும். இரண்டும் ஒரே இழையில் சேர்ந்தே வருவதால் இழையின் ஆட்டம் கழிந்துவிடும். தலைப்பகுதி சுண்டுவிரல் அளவுதான், மின்சாரமோ வெப்பமோ அதில் கிடையாது. வெற்றிட அறைக்குள்ளும், குளிரூட்டிகளுக்குள்ளும், காந்தப்புலத்துக்குள்ளும் போகக்கூடியது. இப்படிப்பட்ட கருவிகள் சந்தையில் இருக்கின்றன. அவற்றில் பல வாயுக் குப்பியில் பூட்டிய டையோடு லேசரையே பயன்படுத்துகின்றன, ஏனென்றால் அந்தத் தூரத்துக்கு அதுவே தாராளம்.

ஆனால் ஃபைபர் லேசர் அளவையியலைப் புரட்டிப் போட்டது ஒற்றை அதிர்வெண் லேசரால் அல்ல, அதிர்வெண் சீப்பால். எர்பியம் இழையை வளையமாகக் கட்டி, அதை மிகக் குறுகிய துடிப்புகளாக ஒளிரவைக்கிறார்கள். ஒவ்வொரு துடிப்பும் 100 ஃபெம்டோ விநாடி அளவு, விநாடிக்குப் பத்து கோடித் துடிப்பு. இந்தத் துடிப்புத் தொடரை நிறமாலையில் பார்த்தால் சம இடைவெளியில் லட்சக்கணக்கான மெல்லிய கோடுகள், சீப்பின் பற்கள்போல. பற்களுக்கு இடையிலுள்ள தூரம் ஒரு ரேடியோ அதிர்வெண். முழுச் சீப்பும் சுழியத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது இன்னொரு ரேடியோ அதிர்வெண். இந்த இரண்டையும் அணுக் கடிகாரத்தோடு பூட்டிவிட்டால், 194 டெராஹெர்ட்ஸில் நிற்கும் 19 லட்சத்துச் சொச்சமாவது பல்லின் அதிர்வெண்ணும் கடிகாரத்தின் துல்லியத்தோடு தெரிந்துவிடும். மீட்டர் 1983-லிருந்தே ஒளியின் வேகத்தாலும் நேரத்தாலும் வரையறுக்கப்படுகிறது. அந்த வரையறையை அப்படியே கையில் எடுத்து வேலைக்கு விடுவது இந்தச் சீப்பு.

தியோடர் ஹேன்ஷும் ஜான் ஹாலும் 2005-ல் நோபல் பெற்றது இந்த வழியில் செய்த பணிக்காக. முதல் சீப்புகள் டைட்டானியம்-சஃபயர் லேசரால் ஆனவை. அருமையான ஒளி, ஆனால் ஒரு மேசை முழுக்கக் கண்ணாடிகள், தினமும் யாராவது திருகைத் திருப்பிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். எர்பியம் இழைச் சீப்பு வந்ததும் அது பெட்டிக்குள் அடங்கியது. வாரக்கணக்கில் தொடாமல் ஓடக்கூடியது. ஜப்பான் 2009 ஜூலையில் தன் தேசிய நீள அளவையை அயோடினில் பூட்டிய ஹீலியம்-நியானிலிருந்து அதிர்வெண் சீப்புக்கு மாற்றிக்கொண்டது. நாடு முழுதும் உள்ள லேசர் இன்டர்ஃபெரோமீட்டர்களின் அலைநீளம் கடைசியில் போய் நிற்கும் இடம் இப்போது அதுதான்.

தூரத்தை நேரடியாக அளக்கவும் சீப்பு உதவுகிறது. சாதாரண இன்டர்ஃபெரோமீட்டர் நகர்வைத்தான் சொல்லும். கற்றையை ஒரு கணம் கையால் மறைத்தால் எண்ணிக்கை போய்விடும், மறுபடி தொடக்கத்திலிருந்து வர வேண்டும். சீப்பிலோ பற்களுக்கிடையேயான அதிர்வெண்களின் கட்டமே ஓர் அளவுகோல். கவோரு மினோஷிமாவும் ஹிரோகாசு மட்சுமோட்டோவும் 2000-ல் ட்சுகுபாவிலுள்ள நிலத்தடிச் சுரங்கத்தில் ஒரு சிறிய ஃபெம்டோ விநாடி லேசரைக் கொண்டு 240 மீட்டர் தூரத்தை 50 மைக்ரோமீட்டர் பிரிதிறனில் அளந்தார்கள். 2009-ல் அமெரிக்காவின் போல்டரில் இயன் காடிங்டன் குழு துடிப்பு வீதம் சற்றே வேறுபடும் இரண்டு எர்பியம் சீப்புகளை ஒன்றன்மேல் ஒன்று ஓடவிட்டது. 200 மைக்ரோ விநாடியில் 3 மைக்ரோமீட்டர் நுட்பம், 60 மில்லி விநாடி சராசரி எடுத்தால் 5 நானோமீட்டர். ஒன்றரை மீட்டருக்கு ஒருமுறை மட்டும் எண் திரும்ப வரும், அதை ஒரு சாதாரண தூரமானியால் தீர்த்துக்கொள்ளலாம்.

காற்றைக்கூட சீப்பு ஓரளவு சமாளிக்கும். 1560-இலும் அதன் இரட்டிப்பான 780-இலும் ஒரே பாதையை அளந்தால் இரண்டு விடைகள் கொஞ்சம் மாறுபடும். நிறத்துக்கு நிறம் காற்றின் ஒளிவிலகல் எண் வேறு என்பதால். அந்த வித்தியாசத்திலிருந்து காற்றின் பங்கைக் கழித்துவிடலாம், உணரிகளே தேவையில்லை. கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் அந்தக் கணக்கில் வித்தியாசத்தைச் சுமார் 140-ஆல் பெருக்க வேண்டும், அதனால் ஒரு நானோமீட்டர் பிழை 140 நானோமீட்டராக வெளியே வரும். பல பத்து மீட்டர் தூரங்களுக்கு இது வரம். 600 மில்லிமீட்டருக்கு வீண் வேலை.

விண்வெளிக்கும் இழை போகிறது. ஈர்ப்பு அலைகளை விண்வெளியிலிருந்து தேட ஐரோப்பிய விண்வெளி முகமை 2024 ஜனவரியில் ஒப்புதல் அளித்த லீசா திட்டத்தில் மூன்று விண்கலங்கள், ஒன்றுக்கொன்று 25 லட்சம் கிலோமீட்டர். 1064 நானோமீட்டர் மூல லேசரை இட்டெர்பியம் இழைப் பெருக்கியால் சில வாட் அளவுக்கு உயர்த்துவார்கள். அந்தக் கைகளின் நீளம் ஒரே மாதிரி இருக்காது, வித்தியாசம் பல ஆயிரம் கிலோமீட்டர். லேசரின் ஆட்டம் அங்கே தானே கழியாது. அதனால் தரவுகளைக் காலத்தில் தள்ளித் தள்ளிச் சேர்த்து லேசரின் இரைச்சலைக் கணினியில் கழிப்பார்கள். லைகோவில் கண்ணாடி செய்யும் வேலையை இங்கே கணக்கு செய்கிறது.

இத்தனைக்கும் பிறகு 1550 நானோமீட்டருக்கே போவது என்று முடிவு செய்தால், விற்பவரிடம் லைன்விட்த்தைக் கேட்காதீர்கள், அதைத்தான் அவரே முதலில் சொல்வாரே. 8 மணி நேரத்தில் அதிர்வெண் எவ்வளவு நகரும், எந்த வாயுவோடு அல்லது அணுவோடு பூட்டியிருக்கிறது, பூட்டு அவிழ்ந்தால் கருவி எச்சரிக்குமா என்று கேளுங்கள். இணைப்பான்கள் எல்லாம் 8 டிகிரி சாய்வாகத் தேய்த்த பச்சை நிற வகையாக இருக்கட்டும், இழை முனையையே ஒப்பீடாக வைக்கும் அந்த ஓரிடம் தவிர. நேராகத் தேய்த்த முனையிலிருந்து திரும்பும் சிறு ஒளிகூட லேசருக்குள் போய் அதை ஆட்டிவைக்கும், ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் ஐசொலேட்டர் கட்டாயம். இழை முனைவாக்கம் (ஒளி அதிரும் திசை) காக்கும் வகையாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் யாராவது கேபிளைத் தொட்டதும் பட்டையின் மாறுபாடு மங்கும். உங்கள் பழைய சிலிக்கான் டிடெக்டர் 1550-க்குக் குருடு, இண்டியம்-காலியம்-ஆர்சனைடு வகை வாங்க வேண்டும்.

இன்னொன்று, கற்றை கண்ணுக்குத் தெரியாது. சிவப்பு ஒளியில் பத்து நிமிடத்தில் முடிக்கும் நேர்ப்படுத்தலுக்கு இங்கே அரை நாள் ஆகலாம். அகச்சிவப்பு அட்டை ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 1550-ஐ விழிவெண்படலமே உறிஞ்சிக்கொள்வதால் விழித்திரைக்கு ஆபத்து குறைவு, ஆனால் திறன் கூடினால் அந்தச் சலுகை கிடையாது. 1 மைக்ரோமீட்டர் பக்கம் இயங்கும் இட்டெர்பியத்துக்கு அந்தச் சலுகையே இல்லை. அது கண்ணுக்கும் தெரியாது, விழித்திரையில் போய்க் குவியும். இணைப்பானைத் துடைக்கவோ நுண்ணோக்கியில் பார்க்கவோ எடுக்கும்முன் லேசரை அணையுங்கள்.